பகற் கந்தோரும் இராக் கலாசாலையும்

கல்வி இளமைக்குரியது, உழைப்பு அதன்பின் வருவது என்பது எம்மவரிடையே நெடுங்காலமாக நிலைபெற்றுவிட்ட கொள்கை. படிக்கும் காலத்திற் படிக்கவேண்டும்; உத்தியோகம் கிடைத்தபின் உத்தியோகத்தைப் பார்க்கவேண்டும். இரண்டையும் ஒருங்கே செய்யத் துணிபவனை, இரண்டு தோணியிற் கால் வைத்தவன் என்று பெரியோர் எச்சரிப்பர். அவ்வெச்சரிக்கையில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இன்று வங்கிகளிலும் திணைக்களங்களிலும் தனியார் கம்பனிகளிலும் கடமையாற்றும் இளைஞர் பலர், மாலை வேளைகளிலும் சனி ஞாயிறுகளிலும் புத்தகப் பையுடன் வகுப்புக்குச் செல்வதை நாம் காண்கின்றோம். அவர்களுட் பலர் நாடிச் செல்வது வியாபார நிருவாக முதுமாணி என்னும் பட்டம். எம்.பீ.ஏ. என்ற மூன்றெழுத்தால் உலகெங்கும் அது அறியப்படுகின்றது.

இவ்வாறு படிப்போரைப் பற்றி இருவகைக் குறைகூறல்கள் எமது காதில் விழுகின்றன. பல்கலைக்கழகத்திற் பகல் மாணாக்கராகிய எம்மிடையே சிலர், “அவர்கள் படிக்க வருபவரல்லர், பதவி உயர்வுக்குப் பத்திரம் வாங்க வருபவர்” என்று இளக்காரமாகப் பேசுவதுண்டு. வீட்டிலோ, “கிடைத்த உத்தியோகத்தை ஒழுங்காகப் பார்த்தாற் போதாதா? இனிப் படிப்பென்ன படிப்பு?” என்று மூத்தோர் கேட்பதுண்டு. முன்னையது அம்மாணாக்கனின் கல்வியைச் சந்தேகிக்கின்றது. பின்னையது அவனுடைய உழைப்புக்கு இடையூறு வருமென்று அஞ்சுகின்றது. இரண்டுக்கும் அடிப்படையாயுள்ள எண்ணம் ஒன்றே. உழைப்பும் கல்வியும் ஒன்றுக்கொன்று பகை என்பதே அது.

அது உண்மைதானா? இப்பட்டத்தின் வரலாற்றை ஆராய்ந்து பார்த்தால் வேறொரு காட்சி தோன்றுகின்றது. வணிகக் கல்வியை நெடுங்காலம் தாங்கி வளர்த்தவர் பலர் பகலில் உழைத்து இரவிற் கற்றவரே. அவர்களை விலக்கிவிட்டு அக்கல்வியின் கதையைச் சொல்ல இயலாது.

இலண்டன் காட்டிய வழி

உழைப்போர்க்கு உயர்கல்வி என்னும் எண்ணத்தை நன்கு விளக்குவது இலண்டன் மாநகரின் வரலாறு. 1823ஆம் ஆண்டில் ஜோர்ஜ் பேர்க்பெக் என்னும் வைத்தியரும் அவருடைய நண்பர்களும் அங்கே தொழிலாளர் கல்வி நிலையம் ஒன்றைத் தாபித்தனர். பகல் முழுவதும் பட்டறையில் நின்றவர்கள் மாலையில் வந்து விஞ்ஞான விரிவுரைகளைக் கேட்டனர். தொழிலாளருக்குக் கல்வியூட்டுவது சமூகத்துக்குக் கேடு விளைக்கும் என்று எதிர்த்தோரும் அன்று இருந்தனர். எதிர்ப்பையும் மீறி அந்நிலையம் வளர்ந்தது. 1830இற் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாயிற்று. இன்றும் அது தாபகரின் பெயரையே தாங்கி, மாலை வகுப்புகளுக்குப் பேர்பெற்று விளங்குகின்றது.

இதனினும் பெரிய மாற்றம் 1858இல் நிகழ்ந்தது. அவ்வாண்டில் வழங்கப்பட்ட புதிய பட்டயத்தின்படி, இலண்டன் பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளிற் கல்லாதவர்க்கும் தன் பரீட்சைகளைத் திறந்துவிட்டது. எவ்விடத்திற் கற்றான், எவ்வேளையிற் கற்றான் என்ற கேள்வி பின்தள்ளப்பட்டது. கற்றவன் பரீட்சையிற் சித்தியெய்தினாற் பட்டம் பெறலாம் என்றாயிற்று.

இக்கதவு எமது நாட்டவர்க்கும் திறந்தது. 1921இற் கொழும்பிற் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரை, தன் மாணாக்கரை இலண்டனின் வெளிவாரிப் பட்டங்களுக்கே ஆயத்தஞ் செய்தது. கல்லூரி வாசலை மிதியாமலே பகலிற் கற்பித்து இரவிற் கற்று அப்பட்டத்தை ஈட்டிய ஆசிரியர் பலரையும் எமது பாடசாலைகள் கண்டிருக்கின்றன. எமக்குக் கற்பித்த ஆசிரியரின் ஆசிரியர் என்று எண்ணினால் அவர்களை நாம் அடைந்துவிடலாம். உழைத்துக்கொண்டே படித்தல் அந்நிய நாட்டு நாகரிகம் என்று கருதுவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

வணிகம் பாடமான கதை

இலண்டன் வழி காட்டியதாயினும், வணிகத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக வளர்த்ததிற் பெரும் பங்கு ஐக்கிய அமெரிக்காவுக்கே உரியது. 1881இல் ஜோசப் வார்ட்டன் என்னும் தொழிலதிபர், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்கு 100,000 டொலர் வழங்கி வணிகக் கல்லூரி ஒன்றை ஏற்படுத்தினார். இரும்பு, புகையிரதம், வங்கி என்பன பெருகிய காலம் அது. தந்தையும் மகனும் ஒரு கடையில் இருந்து கணக்குப் பார்த்த நிலை மாறி, ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் கம்பனிகள் தோன்றின. அவற்றின் கணக்கைப் பரிசோதிக்கத் தேர்ச்சி பெற்றோர் வேண்டும் என்ற நிலை வந்தது. 1896இல் நியூயோர்க் மாநிலம் அதற்கென ஒரு சட்டம் இயற்றி, பரீட்சையிற் தேறியவர்க்கே அத்தாட்சி பெற்ற கணக்காளர் என்னும் உரிமையை வழங்கிற்று.

பரீட்சை வந்ததும் அதற்குப் பயிற்றுவிக்கும் இடம் தேவையாயிற்று. அங்கு கற்க விரும்பியவர்களோ ஏற்கெனவே கணக்குக் கந்தோர்களிற் பகல் முழுவதும் வேலை செய்தவர்கள். ஆதலால் 1900ஆம் ஆண்டில், கணக்காளர் சங்கத்தினரின் முயற்சியால், நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் வர்த்தகம், கணக்கு, நிதி ஆகியவற்றுக்கான கலாசாலை தோன்றியபோது, அது மாலை வகுப்புகளையே நடத்திற்று. சார்ள்ஸ் வால்டோ ஹஸ்கின்ஸ் என்னும் கணக்காளரே அதன் முதற் பீடாதிபதி. தொழில் செய்பவர் கேட்க, தொழில் செய்பவர் கற்பித்த கலாசாலை அது.

சிக்காகோவிலும் இவ்வாறே நடந்தது. நோர்த்வெஸ்ற்றேண் பல்கலைக்கழகம் 1908இல் வர்த்தகக் கலாசாலை தொடங்கியபோது, ஏரிக்கரையில் எவன்ஸ்ரன் என்னுமிடத்திலுள்ள தன் வளாகத்துக்கு மாணாக்கரை அழைக்கவில்லை. கந்தோர்கள் நிறைந்த நகர மத்தியிலே தானே சென்று மாலை வகுப்பு நடத்திற்று. மாணாக்கன் கலாசாலையைத் தேடிச் செல்லும் வழக்கம் போய், கலாசாலை மாணாக்கனைத் தேடிச் சென்றது என்று இதனைச் சொல்லலாம்.

பகற் கலாசாலையின் எழுச்சி

இதே காலத்தில் வேறொரு வழியும் உருவாயிற்று. 1900இல் டார்ட்மத் கல்லூரியில் எட்வேட் ரக் என்பவர் தம் தந்தையார் நினைவாகப் பட்டதாரிகளுக்கான முகாமைத்துவக் கலாசாலை ஒன்றை நிறுவினார். அங்கே வழங்கப்பட்டது வர்த்தக விஞ்ஞான முதுமாணிப் பட்டம். பின்னர் 1908இல் ஹாவார்ட் பல்கலைக்கழகம் வணிக நிருவாகத்துக்கெனப் பட்டப்பின் கலாசாலையைத் தொடங்கி, 1910இல் முதன்முதலாக எம்.பீ.ஏ. பட்டத்தை வழங்கிற்று. எட்வின் கே என்னும் பொருளாதார வரலாற்றாசிரியர் அதன் முதற் பீடாதிபதி. இங்கு வந்தவர் முழுநேர மாணாக்கர். பல்கலைக்கழகத்துக்குரிய செல்வாக்கு யாவும் அவர்களைச் சூழ்ந்திருந்தது.

ஆனால் ஹாவார்ட் ஆசிரியர்கள் ஒரு சிக்கலை எதிர்கொண்டனர். வாங்கியும் விற்றும், ஆட்களை ஏவியும், நட்டமடைந்தும் அறியாத இளைஞனுக்கு நிருவாகத்தை எவ்வாறு கற்பிப்பது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எமது மூதாதையர் சொன்ன இடர்ப்பாடு அது. அவர்கள் கண்ட வழி, சட்டக் கல்லூரியினர் வழக்குத் தீர்ப்புகளைக் கொண்டு கற்பித்ததைப் பின்பற்றியது. உண்மையான ஒரு கம்பனிக்கு நேர்ந்த இக்கட்டை எழுதி மாணாக்கர் கையிற் கொடுத்து, “நீ முகாமையாளனாயின் என் செய்வாய்?” என்று கேட்டனர். 1920களில் வலஸ் டோனம் பீடாதிபதியாயிருந்த காலத்தில் இம்முறை அக்கலாசாலையின் முத்திரையாகவே அமைந்துவிட்டது.

இதனை நாம் ஊன்றி நோக்கவேண்டும். அனுபவமில்லாதவனுக்குப் பிறருடைய அனுபவத்தைக் காகிதத்தில் வடித்துக் கொடுப்பதே இம்முறையின் உட்பொருள். பகல் மாணாக்கனுக்கு இத்துணை முயன்று எழுதிக் கொடுக்கவேண்டியிருந்த பொருளை, மாலை மாணாக்கன் கந்தோரிலிருந்து தன்னோடு கொண்டுவந்தான். அன்று காலையில் தன் மேசையில் நடந்ததே அவனுக்குப் பாடமாக அமையக்கூடியது. அவ்வாறிருந்தும் பெருமை பகற் கலாசாலையைச் சேர, மாலை வகுப்பு இரண்டாந்தரமாக எண்ணப்பட்டது.

போர்க்காலமும் அதன் பின்னும்

நியூயோர்க் பல்கலைக்கழகம் 1916இல் பட்டதாரிகளுக்கான வணிகப் பிரிவைத் தொடங்கிற்று. வங்கிகளும் பங்குச் சந்தையும் அமைந்த வோல் ஸ்ட்ரீட் பகுதியில் வேலை செய்தோர், கந்தோர் மூடியதும் வகுப்புக்குச் செல்லும் வழக்கம் அங்கே நிலைத்தது. இருந்தும் வேலை செய்வோர்க்கென்றே தனியாக வகுத்த முதுமாணிப் படிப்பு இரண்டாம் உலகப் போரின் நடுவிலேதான் உதித்தது. 1943இற் சிக்காகோப் பல்கலைக்கழகம், அனுபவமுள்ள நிருவாகிகள் தம் பதவியை விடாமலே எம்.பீ.ஏ. பட்டம் பெறும் திட்டத்தைத் தொடங்கிற்று. உலகில் இவ்வகையில் அதுவே முதலாவது. இளைஞர் போர்முனைக்குச் செல்ல, தொழிற்சாலைகள் போர்க்கருவிகளை இரவு பகலாக உற்பத்தி செய்த காலத்தில், வேலையை நிறுத்திவிட்டுப் படிக்க வா என்று எவரையும் அழைக்க இயலவில்லை. முகாமையாளனை வேலையினின்று அகற்றாமலே கற்பிக்கவேண்டிய தேவை புதிய வழியைத் திறந்தது.

1944இல் அமெரிக்க அரசாங்கம் போர்வீரர் மறுவாழ்வுச் சட்டத்தை நிறைவேற்றிற்று. அதன் உதவியால் ஏறக்குறைய 22 இலட்சம் போர்வீரர் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கற்றனர். அவர்களிற் பலர் மணமானவர், உலகத்தைக் கண்டவர், உழைத்துக் குடும்பத்தைக் காக்கவேண்டியவர். மாணாக்கன் என்றாற் பதினெட்டு வயதுப் பிள்ளை என்ற எண்ணம் அவர்களாற் தகர்ந்தது.

இக்காலத்தை விளக்குவதற்குப் பீற்றர் டிரக்கர் என்னும் அறிஞரின் வாழ்க்கையைக் காட்டலாம். 1909இல் வியன்னாவிற் பிறந்த அவர், பாடசாலைக் கல்வி முடிந்ததும் ஹம்பேர்க் நகரிற் பருத்தி வணிகக் கம்பனி ஒன்றில் லிகிதராகப் பயின்றுகொண்டே சட்ட மாணாக்கராகப் பதிந்துகொண்டார். பின்னர் பிராங்பேர்ட்டிற் பத்திரிகையிற் பணியாற்றியவாறே 1931இல் சட்டத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அமெரிக்காவிற் குடியேறிய அவர் 1950 முதல் 1971 வரை நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் வணிகக் கலாசாலையிற் பேராசிரியராய் விளங்கினார். 1954இல் அவர் எழுதிய முகாமைத்துவ நூல் அத்துறையையே மாற்றியமைத்தது. 1971இற் கலிபோர்னியாவிலுள்ள கிளேர்மொண்டுக்குச் சென்றபின், அங்கும் வேலை செய்வோர்க்கான எம்.பீ.ஏ. படிப்பொன்றை உருவாக்கினார். தாம் உழைத்துக்கொண்டே கற்றவர், உழைப்போர்க்குக் கற்பிப்பதைத் தாழ்வாகக் கருதவில்லை.

குற்றச்சாட்டும் திருத்தமும்

இத்தனைக்கும் வணிகக் கல்வியிற் குறையில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 1959இல் இரண்டு பெரிய அறிக்கைகள் வெளிவந்தன. போட் நிதியத்தின் ஆதரவிற் கோடனும் ஹவலும் எழுதியது ஒன்று. கார்னகி நிறுவனத்தின் ஆதரவிற் பியர்சன் எழுதியது மற்றொன்று. வணிகக் கலாசாலைகளின் தரம் தாழ்ந்தது, மாணாக்கரைத் தெரிந்தெடுப்பதிற் கண்டிப்பில்லை, சிறு சிறு தொழில் நுணுக்கங்களைப் பாடமாக்கி அடிப்படை அறிவைக் கைவிட்டுவிட்டன என்று இரண்டும் கடிந்துரைத்தன. இதன் விளைவாகக் கணிதம், பொருளியல், உளவியல் முதலிய துறைகள் வலுப்பெற்றன. ஆராய்ச்சிக்கு முதலிடம் கிடைத்தது.

திருத்தம் நன்மை பயத்தது. ஆனால் ஒரு நோய்க்குக் கொடுத்த மருந்து வேறொரு நோயை வளர்ப்பதும் உண்டு. தொழிலிலிருந்து விலகி நின்ற ஆராய்ச்சியாளன் உயர்ந்தான். தொழிலனுபவம் விலை குறைந்தது. இப்போக்கை மறுத்து எழுந்த குரல்களுள் முக்கியமானது கனடாவின் மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மின்ற்ஸ்பேர்க்குடையது. முகாமைத்துவம் என்பது விஞ்ஞானம் மட்டுமன்று. கைப்பழக்கமும் கலையும் அதிற் கலந்துள்ளன. ஆதலால் நிருவாகம் செய்தறியாதவனை வகுப்பறையில் இருத்தி நிருவாகியாக்க இயலாது என்பது அவருடைய வாதம். 2004இல் வெளிவந்த அவரது நூல் இதனை விரிவாக எடுத்துரைத்தது. அதற்கு முன்னரே, 1996இல், கனடா, இங்கிலாந்து, பிரான்சு, இந்தியா, யப்பான் ஆகிய நாடுகளின் கல்வி நிலையங்களை இணைத்து, பதவியிலிருக்கும் முகாமையாளர் இடையிடையே வந்து கற்றுச் செல்லும் படிப்பொன்றை அவரும் அவருடைய தோழர்களும் தொடங்கியிருந்தனர். மாணாக்கர் தத்தம் வேலையிற் கண்டதை ஒருவருக்கொருவர் எடுத்துரைத்து ஆராய்வது அதன் சிறப்பு.

வீட்டுக்கு வந்த கலாசாலை

ஐரோப்பாவில் இக்கல்வி சற்றுத் தாமதித்தே வேரூன்றிற்று. 1957இற் பிரான்சிலுள்ள பொன்ரென்புளோ நகரில் இன்சியாட் நிறுவப்பட்டது. இங்கிலாந்தில் 1963இன் பிராங்ஸ் அறிக்கையை அடுத்து இலண்டனிலும் மான்செஸ்ரரிலும் வணிகக் கலாசாலைகள் தோன்றின. இந்தியாவில் 1953இற் கல்கத்தாவிற் சமூக நலன், வணிக முகாமைத்துவம் ஆகியவற்றுக்கான நிறுவனம் உண்டாயிற்று. 1961இற் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய முகாமைத்துவ நிறுவனங்கள் அமைந்தன.

நகரத்தில் வாழ்பவனுக்கு மாலை வகுப்பு எட்டும். தூர இடத்திற் கடமையாற்றுபவன் என் செய்வான்? இதற்கு விடையளித்தது 1969இற் பட்டயம் பெற்று 1971இல் மாணாக்கரைச் சேர்த்துக்கொண்ட பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம். அது 1983இல் வணிகக் கலாசாலையையும் 1989இல் எம்.பீ.ஏ. படிப்பையும் தொடங்கிற்று. தபாலிற் பாடம் சென்றது. வானொலியும் தொலைக்காட்சியும் கைகொடுத்தன. 1994இற் கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகம் கணினி வழியாகவே இப்படிப்பை நடத்த முற்பட்டது. 2020இன் பெருந்தொற்றுக் காலத்திலோ உலகத்துக் கலாசாலைகள் பலவும் திரைக்குள் புகுந்தன.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு சிந்திக்கத் தக்கவை. அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகம், வேலை செய்வோர்க்கான வகுப்புகளை வைத்துக்கொண்டு முழுநேர எம்.பீ.ஏ. வகுப்பை மூடுவதாக 2017இல் அறிவித்தது. 2019இல் இலினோய்ப் பல்கலைக்கழகமும் முழுநேர வகுப்பை நிறுத்திக் கணினி வழிப் படிப்பிற் கவனஞ் செலுத்தத் தீர்மானித்தது. ஹாவார்ட் போன்றவை முழுநேரக் கலாசாலைகளாக இன்றும் ஓங்கி நிற்கின்றன என்பது உண்மை. ஆயினும் ஒரு காலத்தில் இரண்டாந்தரமாக எண்ணப்பட்ட வகுப்பு நிலைத்து நிற்க, முதற்றரமாக எண்ணப்பட்ட வகுப்பு சில இடங்களில் மூடப்பட்டதைக் காலத்தின் திருப்பம் என்றே சொல்லவேண்டும்.

யார் கொடுக்கும் விலை?

இங்கே பெரியோரின் எச்சரிக்கைக்குச் செவிசாய்க்க வேண்டிய இடம் வருகின்றது. இப்பட்டத்துக்குக் கட்டணம் உண்டு; அது சிறிதன்று. ஆனால் கட்டணத்தினும் பெரிய விலை நேரம். பிரித்தானிய முறையில் ஒரு முதுமாணிப் பட்டத்துக்கு 180 புள்ளிகள் வேண்டும். ஒரு புள்ளிக்குப் பத்து மணி நேரக் கற்றல் என்று கொண்டால் மொத்தம் 1,800 மணி நேரம். வேலை செய்பவன் கிழமைக்குப் பதினைந்து மணி நேரம் ஒதுக்கி, ஆண்டில் நாற்பது கிழமை தவறாது படித்தால், ஆண்டொன்றுக்கு 600 மணி நேரமாகும். ஆகவே மூன்றாண்டு. அந்த மூன்றாண்டில் ஒவ்வொரு கிழமையும் பதினைந்து மணி நேரம் எங்கிருந்தோ எடுக்கப்பட வேண்டும். கந்தோர் மேசையிலிருந்து எடுக்க இயலாது. உறக்கத்திலிருந்தும், பிள்ளையின் பாடத்தைப் பார்க்கும் வேளையிலிருந்தும், தாய் தந்தையரோடு பேசியிருக்கும் வேளையிலிருந்துமே எடுக்கப்படுகின்றது.

ஆகவே பட்டச் சான்றிதழில் ஒருவர் பெயரே பொறிக்கப்பட்டாலும், அதற்குரிய விலையைக் கொடுத்தவர் வீட்டார் அனைவருமே. பெண்களுக்கு இவ்விலை இரட்டிப்பு. ஹாவார்ட் வணிகக் கலாசாலையில் 1963இற்றான் பெண்கள் முதலாமாண்டிலேயே சேர்ந்து இரண்டாண்டுப் படிப்பு முழுவதையும் கற்க இடமளிக்கப்பட்டது. சட்டத்தின் கதவு திறந்தாலும் அடுக்களையின் கதவு மூடவில்லை. கந்தோர் முடிந்து வந்து சமையலையும் முடித்து, எல்லோரும் உறங்கியபின் புத்தகத்தைத் திறக்கும் சகோதரியை எமது ஊர்களிற் காண்கின்றோம். அவள் படிக்கும் ஒரு மணி நேரத்துக்குக் கணவனோ தமையனோ அடுக்களையில் நின்றால் அது தயவாகாது, நீதியே ஆகும்.

தொழில் கொடுப்போருக்கும் இதிற் பங்குண்டு. அமெரிக்காவில் 1978இல் இயற்றப்பட்ட வரிச்சட்டப் பிரிவொன்று, ஊழியரின் கல்விக்குக் கம்பனி கொடுக்கும் உதவிக்கு வரிவிலக்கு அளித்தது. 1986 முதற் பல்லாண்டுகளாக அவ்வெல்லை ஆண்டுக்கு 5,250 டொலராயிருந்தது. ஊழியன் கற்றால் நிறுவனமும் பயனடையும் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டமைக்கு இது சான்று. ஆயினும் கட்டணம் செலுத்தும் நிறுவனம் பெரும்பாலும் சில ஆண்டுகள் விலகாதிருக்க உடன்படிக்கை கேட்கும். கையொப்பமிடுமுன் அதனை நன்கு வாசித்தறிதல் வேண்டும்.

எமது நாட்டில்

இலங்கையில் இவ்வழி முற்றிலும் புதியதன்று. வெளிவாரிப் பட்டங்களைப் பற்றி மேலே கூறினோம். 1919இல் இங்கிலாந்தில் நிறுவப்பட்ட கிரயக் கணக்காளர் நிறுவனம், பின்னாளிற் சீமா என்று பெயர் பெற்றது. அதன் பரீட்சைகளையும், 1959இன் சட்டத்தால் எமது நாட்டிலே தோன்றிய பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் பரீட்சைகளையும், வேலை செய்துகொண்டே எழுதியோர் பலர். 1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் உதயமாயிற்று. 1986இல் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்பின் முகாமைத்துவ நிறுவனம் கொழும்பிற் தொழிற்படத் தொடங்கிற்று. அதன் பின்னர் ஏனைய பல்கலைக்கழகங்களும் இத்துறையில் இறங்கின. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் இன்று இப்பட்டத்துக்குப் படிக்கலாம். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் பிரயாணஞ் செய்து கொழும்புக்குச் சென்றே கற்கவேண்டும் என்ற நிலை வடக்கிலுள்ளோர்க்கு இல்லாதொழிந்தது பெரும் பேறு.

வாய்ப்புப் பெருகும்போது பதரும் பெருகும். விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டு, பின்னர் அப்பட்டத்தை ஏற்பாரில்லாமல் வருந்துவதிற் பயனில்லை. உள்நாட்டுப் பட்டமாயின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரமுள்ளதா என்றும், வெளிநாட்டுப் பட்டமாயின் அந்நாட்டிலே அப்பல்கலைக்கழகம் பட்டம் வழங்கும் உரிமையுடையதா என்றும் முதலில் விசாரித்தறிய வேண்டும். கற்பிப்பவர் யார், முழுக்கட்டணம் எவ்வளவு, இடையில் நிறுத்தவேண்டி நேர்ந்தால் மீண்டும் தொடரலாமா என்று கேட்க வெட்கப்படலாகாது.

இளைஞர்கள் தம்மைத் தாமே கேட்கவேண்டிய கேள்வியும் ஒன்றுண்டு. நாம் கற்க விரும்புவது எமது வேலையை விளங்கிக்கொள்வதற்கா, எமது பெயருக்குப் பின்னால் எழுத்துச் சேர்ப்பதற்கா? பின்னையதே நோக்கமாயின், பகல் மாணாக்கர் சொல்லும் ஏளனம் பொருந்திவிடும். முன்னையதாயின், கந்தோரிற் கழியும் ஒவ்வொரு நாளும் பாடத்துக்கு உரமாகும். சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் கோபக்கார வாடிக்கையாளரும் அவனுக்குப் பாடப்புத்தகத்தின் பக்கங்களே. இரண்டு தோணியிற் கால் வைத்தவன் என்று அவனைச் சொல்வது பொருந்தாது. ஒரு தோணிக்கு இரண்டு துடுப்புப் பிடித்தவன் என்று சொல்வதே பொருந்தும்.

பெரியோர்களிடம் எமது விண்ணப்பம் இரண்டு. உத்தியோகத்திலிருக்கும் மகனோ மகளோ மருமகளோ மீண்டும் படிக்க விரும்பினால், “இனிப் படிப்பென்ன” என்று கேளாமல், “வீட்டில் எந்த வேலையை நாங்கள் பார்த்துக்கொள்ளலாம்?” என்று கேளுங்கள். மற்றையது எமது சங்கத்தைப் பற்றியது. வீட்டில் அமைதியான ஒரு மூலை கிடைக்காமல் இடர்ப்படும் உறுப்பினர் சிலர் இருக்கவே செய்வர். சங்க மண்டபத்தில் ஓர் அறையை இரவு பத்து மணிவரை திறந்துவைத்து, ஒரு நீண்ட மேசையும் நல்ல வெளிச்சமும் கொடுத்தால், அதற்காகும் செலவு மின்சாரக் கட்டணம் மட்டுமே. இலண்டனில் 1823இல் ஒரு வைத்தியரும் அவருடைய நண்பர்களும் பட்டறைத் தொழிலாளருக்குச் செய்ததும் ஏறக்குறைய இவ்வளவே. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதனை ஒரு பிரேரணையாகக் கொண்டுவர எண்ணியிருக்கின்றோம், பெரியோர் ஆமோதிப்பாராக.